கூரையில்லாப் பக்கம்

கட்டைவிரல்கள் சூடான பழுப்புக் களிமண்ணை அழுத்தின. உள்ளங்கை பின்னாலேயே வந்து தேய்த்தது. மண் ஆறி இறுகியதும் எஃகுச் சுரண்டி இறங்கியது. தலைமுடிபோல மெல்லிய சுருள்கள் தரையில் விழுந்தன.

அந்தக் கைகள் ரெனாட்டா குச்மார்ஸ்கியுடையவை. பதினோரு வருடம் பல்செட் செய்துகொண்டிருந்தவள், பிறகு டெட்ராய்ட்டுக்கு வடக்கே உள்ள எங்கள் கார் வடிவமைப்புக் கூடத்துக்கு வந்தாள். ஆறு வருடம் அடுத்தவர் வண்டிகளுக்குக் கண்ணாடியும் சக்கர வளைவும் செதுக்கினாள். ஒரு வண்டியின் பக்கம் முழுதாகக் கிடைப்பது இதுதான் முதல் முறை.

எங்களிடம் முழு அளவுக் களிமண் மாதிரி வண்டி ஒன்றுக்கு இரண்டு பக்கம், இரண்டு வடிவம். இடது பக்கம் எங்களில் மூத்தவரான வெர்ன் ஷ்டால்கே: கதவு உண்டு, கழற்றி மாட்டும் கூரை உண்டு. வலது பக்கம் ரெனாட்டா: கதவும் இல்லை, கூரையும் இல்லை. மறுநாள் பத்து மணிக்குக் கூடத்தின் தலைவி லொரெய்ன் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அது தகட்டில் உருவாகி, வசந்தத்தில் யூட்டா மாநிலத்துக் கரடுமுரடான பாறைகளில் ஏறிக் காட்டும். தோற்ற பக்கத்தைச் சுரண்டி மண்ணை மறுபடி இளக்கும் அடுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். ஐந்து மாத உழைப்பு.

"என்ன பல்லுக்காரி, மழை வந்தா உன் வண்டியில வாளி வைக்கணுமா?" என்றார் வெர்ன்.

"நனையட்டும் பெரியவரே. உங்க வண்டியில உக்காந்தா சவப்பெட்டிக்குள்ள படுத்த மாதிரில்ல இருக்கு!"

மறுநாள் காலை ஏழு மணிக்கு, வலது பக்க வடிவத்தை வரைந்த டாரியஸும் ரெனாட்டாவும் வண்டியை முற்றத்துக்குத் தள்ளிப்போய், வெர்னின் கூரையைக் கழற்றி வைத்துவிட்டு வலது பக்கத்தைத் தள்ளி நின்று பார்த்தார்கள். என்ஜின் முன்மூடியிலிருந்து பின்புறம்வரை பக்கவாட்டில் ஓடும் தோள்கோடு, ஈரத்துணி போட்ட கொடிபோல நடுவில் தொங்கியது.

"கம்ப்யூட்டர்ல நூல் பிடிச்ச மாதிரி நேரா இருந்துச்சே!"

"இப்பவும் நேராத்தான் இருக்கு டாரியஸ். அதான் தப்பு. கூரை இருந்தா அந்த வளைவு கண்ணைத் தூக்கி நிறுத்தும். இதுக்கு மேல வெறும் வானம்தானே? நடுவுல நாலு மில்லிமீட்டர் ஏத்தணும். கூரை வண்டியே செஞ்சு பழகினதால அளவுகோலை நம்பிட்டேன்."

வண்டியை உள்ளே கொண்டுவந்தார்கள். குளிர்ந்த மண்ணில் புது மண் ஒட்டாது. சூட்டுக்காற்றால் பழையதை இளக்கி, அதன்மேல் புதியதை அப்பினாள். கோட்டைச் சரிபார்க்க வளையும் எஃகுப் பட்டையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிடிக்க வேண்டும். டாரியஸ் பிடித்தான். வரைந்து மட்டுமே பழகியவன்; அவன் முனையில் பட்டை நழுவி நெளிந்தது. மற்றவர்கள் வர ஒன்பதாகும். இருந்தது வெர்ன் மட்டும்தான். ஒரு பக்கத்து ஆள் மறுபக்கத்து மண்ணைத் தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் அவள் அவரிடம் உதவி கேட்கவில்லை.

வெர்ன் கையைத் துடைத்துக்கொண்டு சுற்றி வந்தார். "தள்ளுப்பா. பட்டை பாம்பு மாதிரி நெளியுது."

"நீங்க இந்தப் பக்கம் வரக் கூடாதே!" என்றாள் ரெனாட்டா.

"தொங்கிப்போன வண்டியை ஜெயிச்சு நான் என்னத்தைக் கிழிக்க? மூச்சை அடக்கு. கோட்டைப் போடு."

ஒன்பதரைக்குச் சுரண்டி முடித்து, மண் தகடுபோல மின்ன அதன்மேல் வெள்ளித்தாள் ஒட்டினார்கள்.

பத்து மணிக்கு முற்றத்தில் லொரெய்ன் இரண்டு பக்கமும் நடந்தார். கூரையை மாட்டிப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். வலது பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"இப்பவே மூஞ்சியில காத்து அடிக்குற மாதிரி இருக்கு. இதையே செய்யுங்க."

"சீட்டுக்கு ஒரு கம்பளியும் சேத்துக் குடுங்க," என்றார் வெர்ன். டாரியஸ் அவரைக் கட்டிப்பிடிக்கப் போய், முறைப்பைப் பார்த்து நின்றுவிட்டான்.

மதியம் தகட்டுப் பட்டறை ஆட்கள் இரண்டு பேர் வண்டியை எடுக்க வந்தார்கள். ரெனாட்டா தோள்கோட்டின் நடுவே விரலை வைத்தாள்.

"வரைபடத்தைவிட இங்க நாலு மில்லிமீட்டர் மேல இருக்கும். தப்புன்னு நினைச்சு திருத்திடாதீங்க."

"கை வைக்க மாட்டோம்மா," என்றார் மூத்தவர்.

அவள் விரலை எடுத்தாள். அவர்கள் வண்டியைத் தள்ளத் தொடங்கினார்கள்.