மகளின் பட்டப்படிப்பும் பிள்ளையார் திருப்பி அனுப்பிய கேள்வியும்

நான்கு வருடங்களுக்கு முன், கண்டியில் பெரஹரா ஊர்வலம் முடிந்து வீதியோரத்துக் கடைகளைக் கழற்றிக்கொண்டிருந்த வாரத்தில், எங்கள் மகள் யாமினி எங்களோடு பேசுவதை நிறுத்தினாள். சண்டை போட்டாலாவது பதில் சொல்லலாம். அவள் சண்டையும் போடவில்லை. தன் கணினியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "நான் எதுக்குமே அப்ளிகேஷன் போடல" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். அன்று எங்கள் மஹய்யாவ வீட்டில் இருந்த அமைதியைப் போன்ற ஒன்றை நான் எந்த மரண வீட்டிலும் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனையில் என் பக்கத்தில் உட்காரும் அன்பர்கள் பலருக்கு இந்தக் கதையின் முடிவு தெரியும். தொடக்கத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. பிள்ளையார் எனக்குச் செய்ததை முழுதாகச் சொல்ல வேண்டுமென்றால் அங்கிருந்துதான் சொல்ல வேண்டும்.

நான் கல்வி அலுவலகமொன்றில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து, ஓய்வூதியத்தோடு இளைப்பாறியவன். எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது, யார் கையொப்பம் வேண்டும், அவர் எந்த நாளில் லீவில் இருப்பார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். உயர்தரப் பரீட்சை முடிவு வந்தால் எங்கள் பகுதிப் பெற்றோர் பழப் பையோடு வீட்டுக்கு வருவார்கள். பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தில் எந்தப் பாடநெறியை மேலே போடுவது, எதைக் கீழே போடுவது என்று கேட்பார்கள். நான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தீர்ப்புச் சொல்வேன். கணிதப் பிரிவில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளை என்றால் தீர்ப்பு ஒன்றுதான். பொறியியல்.

யாமினி கணிதப் பிரிவில் மிக நல்ல புள்ளி எடுத்தாள். பொறியியலுக்குப் போதும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளோ வீடியோ கேம் செய்யப் போகிறேன் என்றாள். விளையாடப் போகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு விளங்கியிருக்கும். அதைத் தொழிலாகச் செய்யப் போகிறாளாம்.

நகரத்தில் ஒரு கல்விக் கண்காட்சி நடந்தது. அங்கே ஒரு தனியார் நிறுவனம் 'கேம்' என்ற சொல்லைப் பட்டத்தின் பெயரிலேயே வைத்திருந்தது. யாமினி அந்த மேசையை விட்டு நகரவில்லை. அங்கிருந்த கழுத்துப்பட்டி அணிந்த இளைஞரிடம் நான் கேட்டேன்.

"தம்பி, இந்தப் பட்டம் இங்க அங்கீகாரம் உள்ளதா?"

"அங்கிள், இது இன்டர்நேஷனல்."

"அது சரி. அங்கீகாரம் உண்டா?"

"அங்கிள், எங்கட லேப் முழுக்க ஏசி."

அதோடு நான் மகளின் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தேன். வீட்டுக்கு வந்ததும் பொறியியலை முதலாவதாகப் போட்டு விண்ணப்பத்தை நிரப்பச் சொன்னேன். அதன் பிறகுதான் அலுமாரியும் சாவியும்.

விஷயத்தின் ஆபத்து என் மனைவி சரோஜாவுக்கு முழுதாகத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தப் பரீட்சை முடிவுக்கு அந்த முறை விண்ணப்பித்தால்தான் உண்டு. முடிவுத் திகதி போய்விட்டால் அரச பல்கலைக்கழகத்தின் கதவு அவளுக்கு மூடிவிடும். பிறகு எந்த மந்திரியிடம் போனாலும் திறக்காது. இத்தனை பிள்ளைகளுக்குக் கதவு காட்டியவன், என் பிள்ளை வெளியே நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

"என்னங்க, எல்லார் பிள்ளைக்கும் வழி சொல்றீங்க. நம்ம பிள்ளைக்கு மட்டும் உத்தரவு போடுறீங்க" என்றாள் சரோஜா.

வேட்டியைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

பூக்கட்டிப் பார்க்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் சாமி முன் வைத்து, விவரம் தெரியாத ஒரு குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வது. கல்யாணம், வீடு, பயணம் என்று எத்தனையோ விஷயங்களுக்கு எங்கள் வீடுகளில் இப்படிக் கேட்டிருக்கிறோம். நானும் கேட்கத் தீர்மானித்தேன். வெள்ளை என்றால் பொறியியல். சிவப்பு என்றால் அந்தக் குளிரூட்டிய பட்டம். கண்ணை மூடி, உத்தியோகக் கடிதம் எழுதுகிற ஒழுங்கில், பொருள், விவரம், கோரிக்கை எல்லாவற்றையும் பிள்ளையாருக்குச் சொன்னேன். கோரிக்கையில் வெள்ளை வர வேண்டும் என்பதையும் மரியாதையாகக் குறிப்பிட்டேன். பிறகு எனக்கே தெரியாமல் அழுதுவிட்டேன். "அவ என்கூடப் பேசணும் சாமி" என்று மட்டும் சொன்னது நினைவிருக்கிறது. அது கடிதத்தில் இல்லாத வரி.

எங்கள் குருக்கள் யாழ்ப்பாணத்துக்காரர். பொட்டலங்களைத் தட்டில் வைத்து, கும்பிட வந்திருந்த ஒரு சிறு பெண்குழந்தையைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இதில ஒண்டை எடுங்கோ."

குழந்தை இரண்டையும் எடுத்துக்கொண்டு ஓடியது. தாய் துரத்திப் பிடிப்பதற்குள் இரண்டையும் பிரித்து, பூவை எல்லாம் மூஷிகத்தின் தலையில் கொட்டிவிட்டது.

குருக்களிடம் கேட்டேன். "ஐயா, இதுக்கு என்ன அர்த்தம்? திரும்பப் பார்க்கலாமா?"

குருக்கள் தட்டை எடுத்துக்கொண்டே சிரித்தார். "என்ன கேட்டனீங்கள்?"

சொன்னேன். இரண்டு பட்டங்களையும் விளக்கமாகச் சொன்னேன்.

"அந்தப் பிள்ளை கேம் எண்டு சொல்லி என்ன செய்யப் போறா?"

"அது… கேம்தான்."

"கேம் எண்டா? படம் கீறுறதோ, பாட்டுப் போடுறதோ, கணக்குப் போடுறதோ?"

எனக்குத் தெரியவில்லை.

"அப்ப பிள்ளையார் உங்கட கடிதத்தைத் திருப்பி அனுப்பிப் போட்டார்" என்றார் அவர். "விவரம் காணாதாம். போய் நிரப்பிக்கொண்டு வாங்கோ."

ஒரு குழந்தையின் விளையாட்டு என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் என் வாழ்நாளில் விவரம் போதாமல் நான் திருப்பி அனுப்பிய கடிதங்கள் ஏராளம். திரும்பி வருகிற கோப்பின் முகம் எனக்குத் தெரியும். நிராகரித்தது வேறு, திருப்பி அனுப்பியது வேறு. நிராகரித்தால் கதை முடிந்தது. திருப்பி அனுப்பினால், சரியாகக் கொண்டு வந்தால் கவனிப்பேன் என்று அர்த்தம். கோயில் படியில் உட்கார்ந்திருந்தபோது பல நாட்களுக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

வீட்டுக்குப் போய் சாவியை எடுத்து யாமினியின் கதவைத் தட்டினேன்.

"நீ செஞ்ச கேம் ஏதாவது இருந்தா காட்டும்மா."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "எதுக்கு?"

"பிள்ளையார் கேக்குறார்."

கணினி வெளியே வந்தது. திரையில் ஓர் அரசாங்க அலுவலகம். ஓர் ஆள் தன் பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுக்க வருகிறான். கவுன்டர் என்கிற ஒரு கருமபீடத்தில் இன்னொரு கருமபீடத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே போனால் உத்தியோகத்தர் தேநீருக்குப் போயிருக்கிறார். வரிசையை விட்டு வெளியே வந்தால் இடம் போய்விடும். நின்றால் கதவை மூடிவிடுவார்கள். நான் விளையாடினேன். தோற்றேன். மறுபடி விளையாடினேன். மறுபடியும் பிறப்புச் சான்றிதழ் இல்லாமலே வீட்டுக்குப் போனேன்.

"இது பிழை" என்றேன். "கிராம உத்தியோகத்தர் கையொப்பத்தை முதல்லயே கேக்கணும். இவங்க கடைசியில கேக்குறாங்க."

"தெரியும்ப்பா. கடைசியில கேட்டாத்தான் விளையாடுறவங்களுக்குக் கோவம் வரும். இன்னொரு வாட்டி ஆடிப் பாப்பாங்க. ரொம்பக் கோவம் வந்தா மூடிட்டுப் போயிருவாங்க. அந்த அளவைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். நீங்க இப்ப எத்தனாவது வாட்டி ஆடுறீங்க?"

திரையில் நடு மேசையில் இருந்த உத்தியோகத்தரைக் காட்டினேன். "இது யாரு?"

"யாருமில்லப்பா."

"நெத்தியில கண்ணாடிய ஏத்தி வச்சிருக்கானே."

சரோஜா தேங்காய் துருவிய கையோடு வந்து பின்னால் நின்றாள். "முடியையும் பாருங்க. அப்படியே நீங்கதான்" என்றாள். மகள் சிரித்தாள். பிள்ளையாரே, அந்தச் சிரிப்பை எத்தனை நாளாகக் கேட்காமல் இருந்தேன்.

இப்போது கேள்வி நிரம்பத் தொடங்கியது. அவளுக்குப் படம் கீறுவதில் ஆர்வமில்லை. விதிகளை அமைப்பதுதான் பிடிக்கும். மனிதர் எங்கே பொறுமை இழப்பார், எங்கே இன்னும் ஒரு முறை முயல்வார் என்று பார்த்துப் பார்த்து மாற்றுவாள். அதற்கான நிரலை, எழுதித் தர வேறு ஆள் இல்லாததால், தானே எழுதப் பழகியிருந்தாள். இதற்கு எந்தப் பட்டம் என்று என் கைநூல்களில் எதிலும் இல்லை.

வழி சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டினேன். மறுநாள் காலை சந்தையில் என் பழைய அலுவலக நண்பர் ஃபாரூக்கைக் கண்டேன். அவருடைய மகள் நஸ்லியா வெளிநாட்டுக் கேம் நிறுவனமொன்றுக்கு கெலிஓயா வீட்டிலிருந்தே வேலை செய்கிறாளாம். வருடக்கணக்காக அவரோடு ஒரே மேசையில் தேநீர் குடித்திருக்கிறேன். அவர் மகள் 'கம்ப்யூட்டர் வேலை' செய்கிறாள் என்று மட்டுமே எனக்குத் தெரியும். இதைத் தற்செயல் என்று எழுதினால் நான் நன்றி கெட்டவன்.

அன்று பின்னேரமே யாமினியோடு கெலிஓயா போனேன். நஸ்லியா அவளுடைய கேமை விளையாடிப் பார்த்துவிட்டு, ஃபாரூக்கைக் கூப்பிட்டு, "வாப்பா, இதுல அங்கிள் ஈக்காரு, வந்து பாருங்க" என்றாள். 'இருக்கு' என்பது அவர்கள் வீட்டுப் பேச்சில் 'ஈக்கி'. எங்கள் அலுவலகத்தின் பழைய பகையெல்லாம் தீர்ந்த மாதிரி ஃபாரூக் சிரித்தார்.

நான் நஸ்லியாவிடம் நேரே விஷயத்துக்கு வந்தேன். "எந்தப் பட்டம் எடுக்கணும் மகள்?"

"அங்கிள், எங்கட டீம்ல படம் கீறுற ஆள் டிசைன் படிச்சவர். சவுண்ட் செய்றவர் மியூசிக். நான் கம்ப்யூட்டர் சயன்ஸ். கேம்ண்டு பேர் போட்ட டிகிரி ஒருத்தர்கிட்ட ஈக்கி, நல்லா செய்றார். ஆனா பேரைப் பாத்து எங்களை யாரும் எடுக்கல. நாங்க செஞ்சதை விளையாடிப் பாத்துத்தான் எடுத்தாங்க."

"அந்தக் கண்காட்சியில பாத்தது?"

"பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்க. ஒரு மென்பொருள்ல எந்த பட்டனை அமத்துறண்டு மட்டும் சொல்லித் தந்தா, அந்த மென்பொருள் மாறினா படிப்பும் போச்சு. கணக்கு, நிரல், ஆக்களோட சேர்ந்து ஒரு வேலைய முடிக்கிறது, இது மூணும் ஈக்கான்னு பாருங்க."

"பொறியியல்?" என்றேன். கடைசி முயற்சி.

"நல்ல படிப்புதான் அங்கிள். ஆனா பகல் முழுக்கப் பாலம் கட்டப் படிச்சிட்டு, மிச்ச நேரத்துலதான் இவ கேம் செய்யணும்." பிறகு யாமினி பக்கம் திரும்பினாள். "நீ கணினி விஞ்ஞானம் எடு. கேம் வேலை கிடைக்காட்டியும் வேற வேலை ஈக்கி. படிக்கிற காலத்துல சின்னச் சின்ன கேமா செஞ்சு முடி. பெருசா ஒண்டத் தொடங்கி பாதியில விட்றாத. முடிச்சதத்தான் கேப்பாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மூவரும் போனோம். பூக்கட்டவில்லை. நிரப்பிய கேள்வியைச் சொன்னேன். எந்த விடை வேண்டும் என்று இம்முறை குறிப்பிடவில்லை. அர்ச்சனை முடிந்து திருநீறு வாங்கும்போது மனம் இலேசாக இருந்தது. அதுதான் விடை என்று எடுத்துக்கொண்டேன்.

விண்ணப்பத்தில் வரிசைதான் எல்லாம். புள்ளி போதுமான பாடநெறிகளில் எது மேலே இருக்கிறதோ அதைத் தருவார்கள். அதற்குக் கீழே உள்ளவற்றைப் பிறகு பார்க்கவே மாட்டார்கள். பொறியியல் மேலே இருந்தால் பொறியியல்தான். "நீங்களே போடுங்கப்பா" என்றாள் யாமினி. கணினி விஞ்ஞானத்தை முதலாவதாகப் போட்டேன். பொறியியலை இரண்டாவதாகப் போட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். "பழக்கம்மா, விடு" என்றேன்.

முதலாவதே கிடைத்தது. அந்தச் செய்தி வந்த நாளில் எதிர்வீட்டு நண்பர் வேலிப் பக்கம் வந்து, "இஞ்சினியரிங்குக்கு மார்க்ஸ் இருந்தும் விட்டுட்டீங்களாமே" என்று துக்கம் விசாரித்தார். "ஆமாங்க, கிடைச்சிருமோன்னு பயந்துகிட்டே இருந்தோம்" என்றேன். அவர் இன்னும் அதை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

யாமினி இப்போது மூன்றாம் வருடம். வகுப்புத் தோழர்களோடு சேர்ந்து கேம்கள் செய்து முடித்து வைத்திருக்கிறாள். அவற்றை விளையாடிப் பார்த்த கொழும்பு நிறுவனமொன்று பயிற்சிக்கு அவளை எடுத்திருக்கிறது. நேர்முகத்தில் பட்டத்தின் பெயரை யாரும் கேட்கவில்லையாம். ஒரு கேமில் ஓரிடத்தைக் காட்டி, ஏன் இதை இவ்வளவு கஷ்டமாக வைத்தாய் என்று கேட்டார்களாம். அதைப் பற்றி அவள் மணிக்கணக்கில் பேசுவாள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு அன்று மதியச் சாப்பாடு தாமதமாகியிருக்கும்.

இப்போதும் பெற்றோர் பழப் பையோடு வருகிறார்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன். முதலில் பிள்ளையிடம் பேசுகிறேன், கண்ணாடியை மூக்கிலேயே வைத்துக்கொண்டு. என் பிரார்த்தனையும் மாறிவிட்டது. முன்பு நான் சாமிக்கு முடிவை எழுதி, கையொப்பம் மட்டும் கேட்டேன். இப்போது நிலைமையைச் சொல்கிறேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறேன். அவர் ஆளை அனுப்புகிறார், வழியைக் காட்டுகிறார், சில நேரம் காத்திருக்கச் சொல்கிறார். ஒருபோதும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

உங்கள் வீட்டிலும் கதவை மூடிக்கொண்டு ஒரு பிள்ளை இருந்தால், பயப்படாதீர்கள். வருகிற வெள்ளி மாலை கோயிலுக்கு வாருங்கள். நானும் சரோஜாவும் வலது பக்கத் தூணருகே இருப்போம். உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள், சேர்ந்து கும்பிடுவோம். பிறகு வீட்டுக்குப் போய் அந்தக் கதவைத் தட்டுங்கள். பிள்ளையார் உங்களுக்கு முன்னாலேயே அங்கே போயிருப்பார்.