நீலப் பெட்டியில் எழுதிய பெயர்

மாமாவின் மாத்திரைகளும் ஸ்கேன் படங்களும் இப்போது ஒரு நீலநிற சூட்கேசில் கிடக்கின்றன. அது அவர் கட்டிலுக்கு அடியில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உத்திரமேரூருக்குப் போகும்போது எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று பிரித்து வைப்பது என் வேலை. பெட்டியை வெளியே இழுத்தவுடன் மூடியின் மேல் வெள்ளைப் பெயின்டில் எழுதிய பெயர் தெரியும். அது மாமா மகனின் பெயர். அந்தப் பெயருக்கு அடியில் பூசியிருக்கும் நீலம், பெட்டியின் நீலத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமானது. அந்தப் பட்டைக்கு உள்ளேதான் என் பெயர் இருக்கிறது.

மாமா என் அம்மாவுக்கு அண்ணன். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவர் சொல்லித்தான் நடக்கும். சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திய ஒரு தொண்டு நிறுவனத்தில் அவர் ஆபீஸ் பொறுப்பில் இருந்தார். தொண்ணூறுகளின் கடைசி அது. வருஷத்துக்கு ஒருவர் ஜெர்மனியிலிருந்து வந்து தங்கி வகுப்பெடுப்பார். பதிலுக்கு இங்கிருந்து ஒருவர் அங்கே போய் ஒரு வருஷம் முதியோர் இல்லத்தில் வேலை செய்ய வேண்டும். அந்த முறை வந்த பெண் எங்கள் வீட்டில்தான் தங்கினாள். என் வயசுதான். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, கல்லூரிக்குப் போகுமுன் ஒரு வருஷத்தை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தாள். ஒரு பெண் தன் வாழ்க்கையில் ஒரு வருஷத்தை இப்படி எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளலாம் என்பதே எனக்குப் புதுசு. நான் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன், அவள் எனக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்தாள். ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பாள். சுவரில் பல்லியைப் பார்த்தால் மட்டும் கத்தித் தெருவையே கூட்டிவிடுவாள்.

இங்கிருந்து யாரை அனுப்பலாம் என்று நிறுவனத்தில் ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். மாமா மகனும் அதில் ஒருவன். தேர்ந்தெடுத்தது என்னை. அன்றைக்கே மாமா சீர்த்தட்டோடு வந்துவிட்டார். பூ, பழம், மஞ்சள், குங்குமம், கூடவே இந்தப் பெட்டி. "தாய்மாமன் சீரா வச்சிக்கோ. நம்ம வூட்லேர்ந்து மொதல்ல பிளேன் ஏறப் போறவ நீதான்" என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விமானத்தில் பெட்டி மாறிப்போகும் என்று யாரோ சொன்னதால், பஸ் ஸ்டாண்டு பக்கம் லாரிகளுக்கு எழுதும் பெயின்டரிடம் கொடுத்து என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வாங்கினோம். காஞ்சிபுரத்தில் கல்லூரி இடம் கிடைத்திருந்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாமாதான் கூட வந்தார். அடுத்த வருஷம் சேர்ந்துகொள்ளலாம் என்று அவர்தான் தைரியம் சொன்னார். பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. விசாவுக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த நாட்களில், பெட்டிக்குள் துணியை அடுக்குவதும் கலைப்பதுமே எனக்கு வேலையாக இருந்தது.

ஒருநாள் பூட்டு சரியில்லை என்று மாமா பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். சில நாள் கழித்துக் கடைத்தெருவுக்குப் போனபோது, அது பெயின்டர் கடை வாசலில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. என் பெயர் இருந்த இடத்தில் நீலப் பட்டை, அதன் மேல் மாமா மகனின் பெயர். பெயின்டருக்குத் தன் வேலைச் சுத்தத்தில் பெருமை. "பழைய பேரு எங்கன்னா தெரியுதா பாரு. ஒங்க மாமாதான் மாத்தி எழுதச் சொன்னாரு" என்றார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மாமா மகன் எங்கேயோ போகப் பெட்டியை இரவல் கேட்டிருக்கிறான் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு நடந்தேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

வீட்டில் அந்த ஜெர்மன் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கற்றுக்கொடுத்த தமிழிலேயே, "உன் அம்மா பயப்படுறாங்க. மாமா ஆபீஸ்ல சொன்னார்" என்றாள். வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப வீட்டில் பயப்படுகிறார்கள் என்று சொல்லி, என் இடத்தை அவர் தன் மகனுக்கு வாங்கியிருக்கிறார். தகப்பன் இல்லாத வீடு, கிராமத்துப் பெண் என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்? அவர் அதைச் சொன்ன நேரத்தில் அம்மா என் ஸ்வெட்டருக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்திருப்பாள். எங்களை நன்றாகத் தெரிந்தவர் ஒருவரால்தான் இவ்வளவு பொருத்தமான பொய்யைச் சொல்ல முடியும். அது பொய் என்று நான் சொன்னதும் அந்தப் பெண் கோபமாக ஆபீசுக்குப் போய் நடந்ததைச் சொல்ல, அவர்கள் அம்மாவை நேரிலேயே அழைத்துக் கேட்டார்கள். அம்மா, பக்கத்தில் நின்ற தன் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "ஆமாங்க, பயமாத்தான் கீது" என்றாள்.

அன்று சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்தார். முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. "யார் போனா இன்னா? நாளைக்கு ரெண்டு பேருக்கும் ஒரே வூடுதான. அவன் போய்ட்டு வந்தா நீ போய்ட்டு வந்த மாதிரி" என்றார். முறைப்பெண் என்பதால் என் வருஷமும் அவர் வீட்டுச் சொத்தாகிவிட்டது. எங்கள் ஊர்க் கல்வெட்டைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வேன் பிடித்து வருகிறார்கள். ஊர்ப் பணத்துக்குக் கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய அத்தை மாமன் பிள்ளைகள் வரை யாரும் ஊர்ச் சபைக்கு நிற்கக்கூடாது என்று அதில் வெட்டியிருக்கிறதாம். மாமா மகனும் நானும் அதை மனப்பாடம் செய்துதான் பரீட்சை எழுதினோம்.

அவன் கிளம்பிய நாளில் மீனம்பாக்கத்துக்கு வேன் வைத்துத் தெருவே போனது. வேன் புறப்படுமுன் ஆரத்தி எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். முறைப்பெண் எடுப்பதுதான் விசேஷமாம். தட்டைச் சுற்றி முடித்து அவன் நெற்றியில் பொட்டு வைத்தேன். அவன் காலடியில் என் பெட்டி இருந்தது.

அடுத்த வருஷம் அந்தக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். மாமா மகன் ஜெர்மனியிலேயே வேலை தேடிக்கொண்டான், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். மாமா அந்தச் செய்தியைச் சொல்ல வந்தபோது அம்மாவைப் பார்த்துப் பேசினார், என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அவன்மேல் ஆசை இருந்ததில்லை, அதனால் அது பெரிய அடியாக இல்லை. அவன் அம்மா, என் அத்தை, இறந்தபோது ஒரே ஒருமுறை வந்தான். திரும்பும்போது சக்கரம் வைத்த புதுப்பெட்டி வாங்கிக்கொண்டு இதை விட்டுவிட்டுப் போனான்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு ராத்திரி வேளை மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மகன் இந்த வருஷமும் வரவில்லை என்று போனில் சொல்லியிருந்தான். மாமா பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னிடம், "உன்னையே அனுப்பிச்சிருக்கணும்மா. நீயா இருந்தா திரும்பி வந்திருப்ப" என்றார்.

பாராட்டாகத்தான் சொன்னார். இத்தனை வருஷம் கழித்தும் அவருக்கு வருத்தம் மகன் வராததில்தான், என்னை அனுப்பாததில் இல்லை. மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரைக் கொடுத்தேன். மூடியை மூடிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். திரும்பி வந்திருப்பேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த ஒரு வருஷம் எனக்கு வேண்டியிருந்தது.