பத்தாம் நம்பரும் ஆடும் பெடலும்

டிரைவிங் ஸ்கூல்காரரின் காரில் கிளட்ச் வயரை அவருடைய சொந்தத் தங்கையே அறுத்துவிட்டாளாம். அதுவும் அண்ணி லைசென்ஸ் டெஸ்டுக்குப் போன அன்று. இப்படி ஒரு பேச்சு காலையில் சலூனில் பிறந்து, மதியத்துக்குள் மாவு மில்லுக்கு நடந்துவிட்டது. மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது வயரோடு பிரேக்கும் அறுந்திருந்தது.

போய்ப் பார்த்தால், வயர் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறது.

தங்கைக்கு வயது நாற்பத்து நாலு. பதினோரு வருஷமாக அண்ணன் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்கும். அதனால் அவள் பெயரே பத்தாம் நம்பர். தினமும் காலையில் கிளட்ச் பெடலை விரலால் அழுத்திப் பார்ப்பாள். ஒன்றரை விரல் அகலம் அது சும்மா இறங்க வேண்டும். அதற்கப்புறம்தான் வயர் இழுக்க வேண்டும்.

அந்த ஒன்றரை விரல்தான் அண்ணனுக்கு ஆகவில்லை.

"பெடல் லொடலொடன்னு ஆடுது, வண்டி ஆஃப் ஆயிடுதுன்னு வர்றவங்க எல்லாம் சொல்றாங்க. மெக்கானிக்கிட்ட டைட் பண்ணச் சொல்லிட்டேன்."

"அது ஆடணும்ணே. ஆடாத பெடல் கிளட்ச் பிளேட்டைத் தின்னுடும். சமதரைல நல்லா ஓடும், ஏத்தத்துல காலை வாரும்."

"ஸ்கூல் யாருது?"

"ஸ்கூல் உன்னுது. பிளேட் இன்ஜினோடது."

"இனிமே அந்த நட்டுல ஸ்பேனர் வச்சே, மறுநாள்லேருந்து வீட்ல உக்காந்துக்க."

இழுத்துக் கட்டிய கிளட்ச் பாதி வழுக்கியபடியே ஓடும். யார் எப்படி மிதித்தாலும் வண்டி ஆஃப் ஆகாது. மூன்று வாரம் வந்தவர்கள் எல்லோரும் தாங்கள் பிறவி டிரைவர்கள் என்று நம்பிக்கொண்டு போனார்கள். பத்தாம் நம்பர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணிக்கு அது மூன்றாவது டெஸ்ட். இரண்டு தடவையும் ஏற்றத்தில்தான் தோற்றாள். இதிலும் போனால் ஸ்டியரிங்கையே தொடமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். இன்ஸ்பெக்டர் வருவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, டெஸ்ட் மைதானத்தில் கூடியிருந்தவர்கள் முன்னால் தங்கை சாவியை நீட்டினாள்.

"நடு ஏத்தத்துல நிறுத்தி, நீயே ஒரு தடவை எடுத்துக் காட்டுண்ணே."

அண்ணன் சிரித்தார். "ஏறலேன்னா, இத்தனை பேர் முன்னாடியும் நீ சொன்னதுதான் சரின்னு சொல்றேன், போதுமா?"

நடு ஏற்றத்தில் நிறுத்தி, முதல் கியர் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். இன்ஜின் போட்ட சத்தத்தில் ஊரே கூடியது. சக்கரம் மட்டும் முன்னால் நகரவில்லை. வண்டி பின்னாலேயே இறங்கி வந்தது.

"ஏதோ தீயற வாசனை வருதே" என்றாள் அண்ணி.

"உங்க வீட்டுக்காரர் சமைக்கிறார் அண்ணி."

பத்தாம் நம்பர் பானெட்டைத் திறந்தாள்.

"தொட்டேன்னா..." என்று ஆரம்பித்தார் அண்ணன்.

"தெரியும். நாளைக்கு வீட்ல உக்காரச் சொல்லு, பாத்துக்கறேன். இன்னைக்கு அண்ணி ஏறணும்."

வயர் முனையில் இருந்த நட்டை அவர் கண்ணெதிரே இரண்டு சுற்று தளர்த்தினாள். பிளேட் சூடு ஆறும்வரை வண்டிக்குக் காவலாக நின்றாள். பிறகு பெடலை விரலால் அழுத்தினாள். ஒன்றரை விரல்.

"கிளட்ச்னா விட்டுப் பிடிக்கறதுதான் அண்ணி. எங்க அண்ணனை வச்சு இருபது வருஷமா குடும்பம் நடத்தறீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அண்ணி நடு ஏற்றத்தில் நிறுத்தினாள். எடுத்தாள். ஏறினாள். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பத்தாம் நம்பர் வீட்டில் உட்காரவில்லை. வழக்கமான நேரத்துக்கு வந்து, பெடலில் விரலை வைத்தாள். யாரும் டைட் பண்ணியிருக்கவில்லை. அண்ணன் ஆபீஸிலிருந்து வெளியே வந்து தொண்டையைக் கனைத்தார். கற்றுக்கொள்ள வந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீ குடிச்சியா?" என்றார்.

"குடிச்சேன். அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல."

சொல்ல வேண்டிய அந்த ஒரு வரி இன்னும் பாக்கி. அவளும் விடுவதாக இல்லை, தினமும் காலையில் ஸ்பேனரும் கையுமாக, நாலு பேர் இருக்கும்போது, "அப்புறம்ணே?" என்று கேட்கிறாள்.