பட்சபாதம் இல்லாத அம்மா

பட்சபாதம் என்ற சொல்லை அம்மா ஒரு கெட்ட வார்த்தையைப்போல முகம் சுளித்துத்தான் சொல்வாள். செய்யூர்ப் பக்கம் எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவள் அவள். தேவன் முகம் பார்த்து நடத்துகிறவர் அல்ல என்று சொல்லிக்கொடுப்பாள். வேதத்தில் ஒரு தகப்பன் ஒரு பிள்ளைக்கு மட்டும் பலவருண அங்கி கொடுத்து, அந்தக் குடும்பம் பட்ட பாட்டையும் வருஷம் தவறாமல் சொல்வாள். அதனாலேயே கிறிஸ்துமஸுக்கு அண்ணன் சட்டையும் என் கவுனும் ஒரே துணியில் வெட்டுவாள். அந்தச் சமத்தை நான் நம்பவில்லை. அவனுக்கு முழுக்கை, எனக்கு அரைக்கை. கேட்டால் வளர்ற பிள்ளை என்பாள். நான் மட்டும் தேய்கிற பிள்ளையா?

அதற்குப் பிறகு என் கண் அம்மா கைமேலேயே இருந்தது. மீனில் நடுத்துண்டு யார் தட்டில் விழுகிறது என்று பார்ப்பேன். குடும்ப ஜெபத்தில் அண்ணன் பெயர் வந்தால் குரல் குழையும். என் பெயர் ஆமெனுக்குச் சற்று முன்னால் அவசரமாக வந்து போகும்.

போன வருஷம் ஊரில் தனியாக இருந்த அம்மா வழுக்கி விழுந்தாள். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் இடுப்பில் ஆபரேஷன். வீட்டுக்கு அனுப்பும் நாளன்று, கல்பாக்கத்தில் குவார்ட்டர்ஸில் இருக்கும் அண்ணனும் கூப்பிட்டான், செங்கல்பட்டிலேயே இருக்கும் நானும் கூப்பிட்டேன். அவனைத்தான் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரே ஒரு தடவை என்னைச் சொல்லிவிட மாட்டாளா என்று மனசு அடித்துக்கொண்டது. ஐம்பது வயதாகியும் அந்த ஆசை விடவில்லை.

"நான் பொண்ணு வூட்டுக்கே போறேன்," என்றாள் அம்மா.

அண்ணன் முகம் வாடியது. அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அவன் மாத்திரை வாங்கப் போனான். சந்தேகம் என்னைச் சும்மா இருக்கவிடுமா?

"ஏம்மா, அண்ணன் அவ்ளோ கூப்டுச்சே, ஏன் போவல?"

"பீ மூத்திரம் அள்ளணும்டி. அவன் வூட்ல அத்தெல்லாம் இன்னாத்துக்கு? பாவம், அவன் தாங்க மாட்டான்."

"அப்ப நானு?"

அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீதான் கீறியே," என்றாள்.

கட்டிலிலிருந்து இறங்க இரண்டு கைகளையும் என்னிடம்தான் நீட்டினாள்.