கை மட்டும் தூங்கியது

எனக்குக் காது மந்தம். பள்ளிபாளையத்துல தறிப்பட்டறை வெச்சிருக்கிற ஊடுகள்ல பாதிப் பேருக்கு அப்படித்தான். அத்தனை தறியும் ஒண்ணா ஓடுற சத்தத்துல யார் என்ன பேசினாலும் கேக்காது. பக்கத்துல இருந்தா வாயசைவைப் பார்ப்போம், தூரத்துல இருந்தா கையாலயே பேசிக்குவோம். ஊட்டுக்கு வந்தும் அதே பழக்கம். என் குரலைக் கேட்டுட்டு, புதுசா வர்றவங்க நான் யார்கூடவோ சண்டை போடறேன்னு வாசல்லயே நின்னுக்குவாங்க. சில சமயம் நெசமாவே சண்டைதான், அது வேற விசயம்.

போன மழைக்குப் பட்டறை வாசல்ல வழுக்கி, வலது கையை ஊனி விழுந்தேன். மணிக்கட்டு உடைஞ்சு போச்சு. ஈரோட்டு ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பார்த்துட்டு, ஆபரேசன் பண்ணி பிளேட் வைக்கணும்னுட்டாங்க. அதுக்குக்கூட நான் அசரலை. அப்புறம் மயக்க டாக்டரம்மா வந்து மாஸ்க்குக்குள்ள என்னவோ சொன்னாங்க.

"அதைக் கழட்டிப்போட்டுப் பேசுங்க சாமி, எனக்கு வாய் தெரியணும்"னேன்.

சிரிச்சுக்கிட்டே கழட்டினாங்க. சின்னப் பொண்ணு. "முழு மயக்கம் குடுத்துத் தூங்க வைக்கலாங்கம்மா. இல்லைன்னா தோள்பட்டைகிட்ட ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போக வைக்கலாம். அப்ப நீங்க முழிச்சுத்தான் இருப்பீங்க."

"இதுல ரோசனை என்ன கெடக்குது? தூங்க வெச்சுப்போடுங்க. முடிஞ்சதும் எழுப்புங்க."

அந்தப் பொண்ணு கட்டில் ஓரத்துல உக்காந்துக்கிச்சு. பஞ்சுத் தூசியில எனக்கு ஏற்கெனவே நெஞ்சு இழுக்குது, முழு மயக்கம்னா மூச்சுக்குத் தொண்டையில குழாய் போடணும், முடியாதுன்னு இல்லை, ஆனா எனக்கு அதுல ஆபத்து அதிகம்னு பொறுமையா சொல்லுச்சு. "கையை மட்டும் மரக்க வைக்கறதுதான் உங்களுக்கு நல்லது. ஆனா நடுவுல பதறி அசைஞ்சீங்கன்னா, வேற வழியில்லாம முழுசாத் தூங்க வைக்க வேண்டி வரும். நீங்களே முடிவு பண்ணுங்க."

என் எலும்பைத் துளைக்கறதை நான் முழிச்சுக்கிட்டுக் கேக்கணுமாம்! அதுவும் உள்ளே எல்லாரும் மாஸ்க் போட்டிருப்பாங்க. ஒரு வாயும் தெரியாது. என்ன நடக்குதுன்னே தெரியாமப் படுத்திருக்கறதுக்கு, தெரியாமலே தூங்கிப்போறது மேல்னு தோணுச்சு.

எங்க ஊட்டுக்காரர் சுவத்தோரமா நின்னுக்கிட்டு இருந்தாரு. வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரியே இருக்கற மனுசன். நான் பார்த்ததும் கையை ஆட்டினாரு.

"வாயைத் தொறந்து சொல்லுங்க! இங்க என்ன தறியா ஓடுது?"

"முழுசாத் தூங்க வேண்டாம்"னாரு. கிட்ட வந்து, "நீ எந்திரிக்காமப் போயிட்டீன்னா நான் என்ன பண்றது"ன்னாரு.

கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவர் இப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. திட்ட வாயெடுத்தவ டாக்டரம்மா பக்கம் திரும்பினேன். "சரிங்க, கையை மட்டும் பண்ணுங்க. ஆனா இவரையும் உள்ளே விடணும். நீங்க பேசறதை இவர் கையால எனக்குச் சொல்லுவாரு"ன்னேன். பெரிய டாக்டர்கிட்டப் பேசிச் சம்மதம் வாங்கிட்டு வந்தது அந்தப் பொண்ணுதான்.

மறுநாள் ஆபரேசன் ரூம்ல ஊசி போட்டதும் தோள்ல இருந்து கை சூடாகி, கனத்து, எனக்குச் சொந்தமில்லாத சாமான் மாதிரி ஆகிப்போச்சு. நெஞ்சு மேல கெடக்கறாப்புல இருக்குது, பார்த்தா அவங்க தூக்கி அக்கட்டால ஒரு பலகை மேல வெச்சிருக்காங்க! நடுவுல பச்சைத் துணியைக் கட்டி மறைச்சுட்டாங்க. எங்க ஊட்டுக்காரர் பச்சை அங்கியும் தொப்பியும் மாட்டிக்கிட்டு என் தலைமாட்டுல முக்காலி போட்டு உக்காந்தாரு. மிசின் சத்தம் உடம்புக்குள்ள அதிர்ந்துச்சு. நான் பதறி அவரைப் பார்த்தேன். உள்ளங்கையைக் கவுத்தி மெதுவா அமுக்கினாரு, பொறுன்னு. அப்புறம் விரலைச் சுத்தினாரு. எங்க பட்டறையில அப்படிச் சுத்தினா தறி நல்லா ஓடுதுன்னு அர்த்தம். ஒவ்வொண்ணையும் துணிக்கு மேல எட்டிப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஊட்டுல ஒரு மாசம் பேசாததை அன்னைக்குப் பேசினாரு.

திடீர்னு அவர் கை நின்னு போச்சு. பார்த்தா, கண்ணு மேல சொருகுது, ஆள் முக்காலியில சாயறாரு.

"ஐயோ, புடிங்க!"ன்னு கத்திப்போட்டேன், பட்டறையில கத்தற கத்து. அத்தனை பேரும் வெலவெலத்துப் போனாங்க. எனக்குத்தான் வலி தாங்கலைன்னு நினைச்சு அந்தப் பொண்ணு தூங்க வைக்கற மருந்தைக் கையில எடுத்துடுச்சு.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க! நான் அசையலை பாருங்க! அவரைப் புடிங்க, அவரை!"

அப்பத்தான் திரும்பிப் பார்த்தாங்க. தலை தரையில மோதறதுக்குள்ள ஒருத்தர் தாங்கிப் புடிச்சு வெளியே கூட்டிட்டுப் போனாரு.

இப்ப முக்காலி காலி. சொல்ல ஆளில்லை. மிசின் மறுபடியும் அதிர்ந்துச்சு. ஆனா எனக்குப் பயம் வரலீங்க. மனசெல்லாம் வெளியே கெடந்துச்சு. அந்தப் பொண்ணு முக்காலியில உக்காந்து என் இடது கையைப் புடிச்சுக்கிட்டு, அவர் பண்ணின மாதிரியே விரலைச் சுத்திக் காட்டுச்சு. தலைகீழாச் சுத்துச்சு பாவம். சுத்தட்டும்னு கண்ணை மூடாம, கையை அசைக்காமக் கெடந்தேன். கடைசி வரைக்கும் என்னைத் தூங்க வைக்கவே இல்லை.

வெளியே கொண்டாந்தப்ப அவரும் ஒரு கட்டில்ல படுத்திருந்தாரு, கையில குளுக்கோஸ் ஏறிக்கிட்டு இருந்துச்சு. நர்ஸம்மா இடுப்புல கையை வெச்சுக்கிட்டு என்கிட்ட முறையிட்டாங்க. "ஆபரேசன் பண்றவங்கதானுங்க வெறும் வயித்தோட இருக்கணும்? இவர் நேத்து ராத்திரியில இருந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்கலையாமா!"

எனக்குக் கோவமும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. "ஏனுங்க, உங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? காலையில இட்லி தின்னுட்டேன்னு தலையை ஆட்டினீங்களே!"

"நீ பட்டினி கெடக்கறப்ப எனக்கு எப்படி எறங்கும்"னாரு.

அடுத்த கட்டில்காரங்க எல்லாம் திரும்பிப் பார்க்கற அளவுக்கு அவரைத் திட்டினேன். திட்டிக்கிட்டே, நர்ஸம்மா குடுத்த ரொட்டியை இடது கையால புட்டு அவர் வாயில வெச்சேன்.