குறி தப்பத் தெரிந்தவன்

அழகமுத்து தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து பெக்டரியில் கரண்ட் வேலைக்காரன். வார நாட்களில் மோட்டரும் பல்பும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தொழிலாளர் லயத்தில் அவன் வீட்டு முன்காம்பராவில் டீவி கேம் ஓடும். திரையில் வரிசையாக வரும் போத்தல்களை விளையாட்டுத் துவக்கால் சுட வேண்டும். அதில் அவனை வென்ற ஆள் மேல் டிவிஷனிலும் இல்லை, கீழ் டிவிஷனிலும் இல்லை. இதை யாரும் மறந்துவிடக் கூடாதென்று அவனே அடிக்கடி சொல்லிக்கொண்டும் இருப்பான்.

இரண்டாயிரமாம் ஆண்டு ஒரு சனிக்கிழமை. இரண்டு பேர் எதிரெதிராகச் சுட்டால் இன்னும் ஜோராக இருக்குமே என்று, இரண்டாவது துவக்கு வாங்க அவிசாவளைக்குப் போனான். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க கேம் மிஷினையும் தூக்கிக்கொண்டு போனான். டீவி திருத்தும் புவாட் நானாவிடம் பழைய துவக்கு ஒன்று இருந்தது. கறுப்பு. அதற்கு இரண்டு வயர். மிஷினில் சொருகுகிற வயர் நன்றாக இருந்தது; மற்ற மஞ்சள் வயரின் நுனியில் பிளக்கை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

"பிளக் இல்லாட்டி என்ன மகன், ஒங்களுக்கு ஒட்டத் தெரியுந்தானே" என்று நானா அதைச் சிலிசிலி பேக்கில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

கறுப்புத் துவக்கு, அதிலிருந்து செம்பு நீட்டிக்கொண்டு தொங்கும் ஒரு வயர், சட்டைப் பையில் தமிழன் என்று சொல்லும் அடையாள அட்டை. சண்டை நடக்கிற காலத்தில் இந்த மூன்றோடும் ஒருவன் பஸ் ஏறுவானா? அழகமுத்து ஏறினான். யன்னலோரச் சீட் கிடைத்த சந்தோஷம் வேறு. பாதி வழியில், சோதனைச் சாவடி முன்னால் பஸ் நின்று, "எல்லாரும் பேக்கோட எறங்குங்க" என்று கொண்டக்டர் கத்தியபோதுதான் அவன் மடியிலிருந்த பேக்கைக் குனிந்து பார்த்தான்.

வரிசையில் அவனுக்கு முன்னால் நின்றவர் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் கந்தையா. யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருஷமாக இந்தப் பக்கத்திலேயே இருந்தும், சாவடி தெரிந்ததும் கைலேஞ்சியால் திருநீற்றைத் துடைத்துவிட்டு இறங்குகிறவர்.

இளம் கான்ஸ்டபிள் அழகமுத்துவின் பைக்குள் கையை விட்டான். எடுத்தான். அழகமுத்துவுக்குப் பின்னால் நின்ற வரிசை எங்கே போனதென்று தெரியவில்லை.

சார்ஜன்ட் எழுந்து வந்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். "மேக மொகத்த?"

சிங்களம் அழகமுத்துவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "செல்லம் துவக்கு மாத்தயா. வெளையாட்டுச் சாமான்."

"வயர் எதுக்கு?"

"டீவிக்கு."

"டீவிக்கு எதுக்குடா துவக்கு?"

நியாயமான கேள்விதான். சார்ஜன்ட் கந்தையாவின் பக்கம் திரும்பினார். "இவனைத் தெரியுமா?"

"தெரியும் சேர். ஆனா... அவ்வளவு வடிவாத் தெரியாது."

சார்ஜன்ட் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "உள்ளுக்கு டீவி இருக்கு. சுட்டுக் காட்டு. சுட்டா வெளையாட்டுச் சாமான். சுடாட்டி ஜீப்புல ஏறு."

கிரிக்கெட் பார்க்க வைத்திருந்த கிழட்டு டீவி அது. முதுகில் அன்டெனா ஓட்டை ஒன்றுதான். மிஷினின் மஞ்சள் வீடியோ வயர் சொருக இடமே இல்லை. எதிர்க்கடை ஜாபிரிடமிருந்து வீடியோ டெக் வரவழைக்கப்பட்டது. டெக்கோடு ஜாபிரும் வந்து, வாங்கில் உட்கார்ந்துகொண்டார். மிஷினிலிருந்து டெக்குக்கு மஞ்சள் வயர், டெக்கிலிருந்து டீவிக்கு அன்டெனா வயர், துவக்கின் நல்ல வயர் மிஷினுக்கு. போத்தல்கள் வரிசையாகத் தெரிந்தன. அழகமுத்து துவக்கை நீட்டி அமுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அமுக்கினான்.

சார்ஜன்ட் அமைதியாகச் சொன்னார். "இது டீவியைச் சுடல்ல. அப்போ வேற யாரைச் சுட?"

"ஐயோ மாத்தயா, அதுக்கு சங்கு கேக்கல!"

"என்னது?"

"விடிய சங்கு ஊதினதும் ரப்பர் பால் வெட்டுற பொம்பள மொத நெரையில மொத மரத்துல தொடங்குவா இல்லீங்களா? அப்பறம் மரம் மரமா, நெரை நெரையா போவா. நான் இருட்டுல ஒரு மரத்துக்கிட்ட நிக்கிறேன். அவ டோச் வெளிச்சம் என்னைத் தாண்டுது. சங்கு ஊதி எவ்வளவு நேரம்னு தெரிஞ்சா, நான் நிக்கிறது எந்த மரம்னு சொல்லிருவேன். டீவியும் அப்பிடித்தான், மேலருந்து நெரை நெரையா வெளிச்சம் போட்டுக்கிட்டு எறங்கும். துவக்குக்குக் கண்ணு இருக்கு. சங்கு துவக்கோட இந்த மஞ்ச வயர்லதான் வரணும். அதைத்தான் எவனோ வெட்டிட்டான்."

சார்ஜன்ட் அந்த வயரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "எங்கம்மாவும் பால் வெட்டினவதான்" என்றார். "சரி. ஊது சங்கை."

துவக்கின் மஞ்சள் வயரின் தோலை அழகமுத்து பல்லால் உரித்தான். டெக்கில் இருந்த மஞ்சள் பிளக்கைப் பாதி வெளியே இழுத்து, உள்கம்பியை நடுஊசியில் சுற்றினான். வெளிவலையை முறுக்கி பிளக்கின் விளிம்பில் கட்டினான். ஒட்டுவதற்கு முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்டர் கிடைத்தது.

"நீ நல்லாச் சுடுவியா?" என்று சார்ஜன்ட் சும்மா கேட்டார்.

அழகமுத்துவின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. "என்ன மாத்தயா இப்பிடிக் கேட்டுட்டீங்க, எங்க தோட்டத்துல என்னைய —"

சாட்சிக்கென்று உள்ளே நிறுத்தி வைத்திருந்த கந்தையாவுக்கு ஒரு இருமல் வந்தது பாருங்கள், மேசையில் இருந்த கடதாசியெல்லாம் பறந்தது. இருமலோடு இருமலாக, தமிழில், "குறி தப்பாமச் சுடுற தமிழ்ப் பெடியனிட்டை அடுத்ததா என்ன கேப்பினம் எண்டு தெரியுமோ? எங்கை ட்ரெய்னிங் எடுத்தனி எண்டு!"

அழகமுத்து பேச்சைத் திருப்பினான். "— என்னைய மாதிரி சுடத் தெரியாதவன் ஆருமே இல்ல மாத்தயா. நீங்களே பாருங்க."

துவக்கு சார்ஜன்ட் கைக்குப் போனது. அமுக்கினார். போத்தல் சிதறியது. "ஆ!" என்றார். ஆறில் நாலு.

"இப்ப நீ."

தப்ப விடுவது எவ்வளவு கஷ்டமென்று அழகமுத்துவுக்கு அன்றுதான் தெரிந்தது. பழகிய கை, முதல் போத்தலைச் சிதறடித்துவிட்டது. கான்ஸ்டபிளின் புருவம் மேலே போனது. "கண்ண மூடிக்கிட்டேங்க" என்று சொல்லி, அடுத்ததை மின்விசிறிக்குச் சுட்டான். அதற்கடுத்ததைக் கலண்டருக்கு. நாலாவதற்கு உடம்பையே திருப்பினான்.

"அல்லாஹ்! என்னயாவா சுடுறீங்க?" என்று ஜாபிர் வாங்குக்குக் கீழே குனிந்தார்.

சார்ஜன்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு எழுந்து வந்து, அவன் முழங்கையைத் தூக்கி, தோளைத் தட்டி, ஒற்றைக் கண்ணை எப்படி மூடுவதென்று பாடம் எடுத்தார். அழகமுத்து பாடத்தைப் பக்தியோடு கேட்டு மிச்ச இரண்டையும் தவறவிட்டான். "விளையாட்டுச் சாமான். உரிமையாளருக்குச் சுடத் தெரியாது" என்று கான்ஸ்டபிள் பதிவுப் புத்தகத்தில் எழுதினான்.

அடுத்த பஸ்ஸில் கந்தையா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இனி இப்பிடிச் சாமான் கொண்டு வாறதெண்டால் முதலே சொல்லு தம்பி. நான் நடந்து வாறன்."

கதை இத்தோடு முடிந்திருந்தால் அழகமுத்து நிம்மதியாக இருந்திருப்பான். எட்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஒரு ஜீப் லயத்துக்கு ஏறி வந்தது. பாதிப் பேர் ரப்பர் காட்டுக்குள் ஓடினார்கள். இறங்கியவர் சார்ஜன்ட், சாரமும் டீ சேர்ட்டும்.

"எங்க என் கோலயா? சொல்லிக் குடுத்த மாணவன் படிச்சானான்னு பாக்க வந்தேன்!"

ஆளுக்கொரு துவக்கு கையில் ஏறியது. ஓடினவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, காம்பரா நிறைய, யன்னல் நிறைய முகங்கள். ஆறு போத்தலில் சார்ஜன்ட் ஐந்து. அழகமுத்து ஒன்றுமில்லை.

"அண்ணே, என்னாச்சு? காய்ச்சலா?" என்று யன்னலிலிருந்து ஒருத்தன் கேட்டான்.

அழகமுத்துவின் மனைவி பிரேமலதா தேத்தண்ணித் தட்டோடு குறுக்கே வந்து நின்றாள். நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைப் பெருமைகளைக் கேட்டுச் சலித்தவள் அவள். கிடைத்த வாய்ப்பை விடுவாளா?

"இவருக்கு எப்பவும் இப்பிடித்தாங்க மாத்தயா. ஆத்தங்கரையில நின்னு கல்லெறிஞ்சாலும் ஆத்துல விழாது."

காம்பரா முழுக்கச் சிரித்தது. சார்ஜன்ட் அவன் முதுகில் அன்பாகத் தட்டினார். "வெக்கப்படாத. நான் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வாரேன்."