கடைசி நோயாளியின் தக்காளிக் கடை

எங்கள் சந்தையில் அவளை எல்லோரும் மைக்கு என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேரே மைக்கு அக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் மைக்கு. வடக்கு வாசலில் உட்கார்ந்து அவள் தக்காளி விலையைச் சொன்னால், தெற்கு வாசலில் ஆட்டோவில் இருப்பவர் இறங்காமலே பேரம் பேசலாம். அடுத்த கடை என்னுடையது, வெங்காயம். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும் எனக்கு இன்னும் காது கேட்கிறதென்றால் அது என்னைப் பெற்றவர்கள் செய்த புண்ணியம்.

அவள் சந்தைக்குள் வந்ததே சண்டையோடுதான். லாரி ஓட்டப் போன புருஷன், போன ஊரிலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு திரும்பவே இல்லை. கைக்குழந்தையோடு மாமியாரின் கடைக்கு வந்தாள். "உங்க பிள்ளை ஓடிட்டான். நான் ஓடலை. தள்ளி உட்காருங்க" என்று சொல்லித் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மாமியார் கொஞ்ச நாள் முணுமுணுத்துப் பார்த்து, கடைசியில் கடையையே விட்டுக்கொடுத்தாள். அந்தக் கடையில்தான் மகனைப் படிக்கவைத்துக் கல்யாணமும் செய்துவைத்தாள். இப்போது மருமகளும் கூட நிற்கிறாள். மைக்கு யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. அவள் நலம் விசாரித்தாலே அதட்டல் மாதிரிதான் இருக்கும், அது வேறு விஷயம்.

அந்த மழைக்காலத்தில் ஊருக்குள் காலரா வந்தது. குடிதண்ணீர்க் குழாயில் எங்கோ சாக்கடை கலந்துவிட்டது. எங்கே என்று நகராட்சி தேடிக்கொண்டிருந்த நாட்களில் ஆஸ்பத்திரி நிரம்பி, வராந்தா நிரம்பி, சைக்கிள் நிறுத்தும் கொட்டகை வரைக்கும் ஆட்கள் படுத்திருந்தார்கள். அப்போதுதான் சுகாதார அதிகாரி அம்மா எங்கள் சந்தை மண்டபத்துக்குள் அளவு நாடாவோடு வந்தார். ஒல்லியான ஆள், பேச்சு மெதுவாகத்தான் வரும். காலராக்காரர்களைப் படுக்கவைக்க எங்கள் மண்டபம்தான் வேண்டுமாம்.

"ஊர்ல வேற கட்டடமே இல்லையா?" என்று நான் கேட்டேன்.

"இருக்கு. ஆனா இந்த மாதிரித் தரை இல்லைம்மா. இங்க தரை சரிவா இருக்கு, நடுவுல வாய்க்கால் ஓடுது, ரெண்டு பக்கமும் குழாய் இருக்கு. இந்த நோய்க்குத் தரையைக் கழுவிக்கிட்டே இருக்கணும்."

அழுகின இலையையும் மண்ணையும் தள்ளிவிடக் கட்டிய வாய்க்காலுக்கு இப்படி ஒரு மரியாதை வரும் என்று யார் நினைத்தார்கள்?

மறுநாள் நகராட்சி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். நகராட்சி, சுகாதாரத் துறை, எங்கள் சங்கம், மூன்று பேருக்கும் ஒப்பந்தம். எங்கள் பக்கம் கையெழுத்துப் போடவேண்டியவர் சங்கத்தை நடத்துகிற மொத்த வியாபாரி. அதிகாரி யாராவது இருமினால்கூட "சரிங்க" என்பார். அதனால் அவருக்குச் சரிங்க அண்ணன் என்றே பெயர். அவர் பேனாவைத் திறந்துவிட்டார். பின்வரிசையில் இருந்து மைக்கு எழுந்தாள்.

"அண்ணே, மூடி வைங்க. முதல்ல அதைச் சத்தமா படிக்கச் சொல்லுங்க. எங்களுக்கும் காது இருக்கு."

குமாஸ்தா படித்தார். மண்டபத்தை நாங்கள் தரவேண்டும். இடைக்காலத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் கடை போட்டுக்கொள்ளலாம். அவசர நிலை முடிந்ததும் நகராட்சி மண்டபத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

"முடிஞ்சிருச்சுன்னு யாரு சொல்லுவாங்க?" என்றாள் மைக்கு.

நகராட்சித் தலைவர் சிரித்தார். "நாங்கதான்மா சொல்லுவோம்."

"அப்ப நீங்க சொல்லாட்டி முடியவே முடியாது. நல்லா இருக்கே! திருப்பித் தர்றப்போ தர்றேன்னு சொல்லிட்டு என் தக்காளியை நீங்க எடுத்துட்டுப் போனா விடுவேனா? கடைசி நோயாளி எந்திரிச்சுப் போனதும்னு போடுங்க. அதை எல்லாரும் கண்ணால பார்க்கலாம்."

தலைவருக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் சுகாதார அதிகாரி அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்து, பழைய வரியை அடித்துவிட்டு, மைக்கு சொன்னபடியே எழுதினார். கடைசி நோயாளி வெளியேறியதும், மண்டபத்தைக் கழுவி, கடைக்காரர்களிடம் ஒப்படைக்க வேண்டும். "நியாயமாத்தான் கேக்குறாங்க" என்று சொல்லி முதல் கையெழுத்தை அவரே போட்டார். சரிங்க அண்ணன் சரிங்க என்றார். அன்று சாயங்காலமே மண்டபத்தைக் காலி செய்து கொடுத்தோம். முதலில் கூடையைத் தூக்கியவள் மைக்குதான். ஊர் செத்துக்கொண்டிருக்கும்போது உட்காரும் இடத்துக்காகச் சண்டை போடுகிறவர்கள் இல்லை நாங்கள். வாங்கினதைத் திருப்பிக் கொடு என்றுதான் கேட்டோம்.

மைதானம் மழையில் சேறாகிவிட்டது. பலகை மேல் உட்கார்ந்து, பலகை கீழே போகப் போக நாங்களும் கீழே போனோம். வெங்காயம் முளைவிட்டது. தக்காளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மண்டபத்துக்குள் வரிசையாகக் கட்டில்கள். நடுவில் ஓட்டை, பேதி விழக் கீழே வாளி. பலர் பிழைத்து எழுந்து போனார்கள், சிலர் போகவில்லை. தச்சர் ஒருவரின் மனைவி என்னிடம் மாறாமல் வெங்காயம் வாங்குகிறவள். நான் போடும் எடையில் நம்பிக்கை இல்லாமல் தராசு முள்ளையே குனிந்து பார்ப்பாள். அவள் என் கடை இருந்த இடத்தில் போட்ட கட்டிலிலேயே இறந்துபோனாள். அதைக் கேட்ட நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

குழாய் உடைப்பைக் கண்டுபிடித்து அடைத்தார்கள். நோயாளிகள் குறைய ஆரம்பித்தார்கள். அப்போது நகராட்சியில் இன்னொரு தாள் தயாரானது. அடுத்த அவசரத்துக்கும் தேவைப்படுமாம், அதனால் மண்டபம் மறு உத்தரவு வரும் வரை நகராட்சியிடமே இருக்குமாம். அவசரமாவது ஒன்றாவது! அந்த இடத்தில் கண்ணாடி வைத்து வணிக வளாகம் கட்டப் படம் வரைந்து தலைவர் மேசையில் விரித்துவைத்திருப்பது ஊருக்கே தெரியும். சரிங்க அண்ணனுக்கு அதில் மாடிக் கடை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எங்களிடமும் வந்தார்.

"போடுங்கம்மா. பெரிய இடத்துப் பகை எதுக்கு?"

மைக்கு அந்தத் தாளை வாங்கி, அழுகின தக்காளியை அதில் மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள். "இதைத் தலைவர்கிட்ட கொடுங்க. மறு உத்தரவுன்னு சொல்லுங்க." அதற்குப் பிறகு ஒருத்தியும் கையெழுத்துப் போடவில்லை. போட நினைத்தவளும் மைக்கு முகத்தைப் பார்த்துப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஆனால் சங்கத்துக்காரர் கையெழுத்தே போதும் என்று நகராட்சி சொல்லிவிட்டது. கடைசிக் கட்டில் காலியானதும் பூட்டுத்தான். ஒருமுறை பூட்டினால் எங்கள் பேரன்மார் காலத்திலும் அது திறக்காது.

அந்தச் சமயம் பார்த்து மைக்குவுக்கே காலரா வந்துவிட்டது. மைதானத்தில் தண்ணீர் வராத நாளில் எங்கேயோ தொட்டித் தண்ணீரைக் குடித்திருக்கிறாள். மதியத்துக்குள் கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, அந்தக் குரலும் போய்விட்டது. நானும் மருமகளும் தள்ளுவண்டியில் போட்டு மண்டபத்துக்கு ஓடினோம். நர்ஸ் வாசல் பக்கக் கட்டிலைக் காட்டினாள். மைக்கு தலையை ஆட்டி வடக்கு மூலையைக் கையால் காட்டினாள்.

"என்னம்மா சொல்றாங்க?"

"அங்கதான் அவங்க கடை. அங்க போடச் சொல்றாங்க" என்றாள் மருமகள் அழுதுகொண்டே.

மண்டபத்தில் பாதிக் கட்டில்கள் காலி. நர்ஸ் மறுக்கவில்லை. தராசு தொங்கவிடுகிற இரும்புக் கொக்கியிலேயே குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினாள். இரண்டு நாள் எங்களுக்கு உயிரே இல்லை. மூன்றாம் நாள் மைக்கு கண்ணைத் திறந்து, "மைதானத்துல தக்காளி என்ன விலைக்குப் போகுது?" என்று கேட்டதாக நர்ஸ் சொன்னாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவளுக்குப் பிறகு யாரும் வரவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். மண்டபத்தில் மிச்சம் அவள் ஒருத்திதான். கடைசி நோயாளியை வழியனுப்பத் தலைவர் பூங்கொத்தோடு வருகிறார், படம் பிடிக்கிறார்கள் என்று சொன்னார்கள். பூங்கொத்துக்குப் பின்னால் பூட்டு வரும் என்பது அவளுக்குத் தெரியாதா? முந்தின நாளே மருமகளிடம் காதோடு காதாகச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

காலையில் தலைவர் வந்தார். கூடவே சங்கிலியும் பூட்டுமாக நகராட்சி மேற்பார்வையாளர். மைக்கு கழுத்து வரை போர்வையை இழுத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"வாங்கம்மா, வாசல்ல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

"தலை சுத்துதுங்க."

தலைவர் சுகாதார அதிகாரி அம்மாவைப் பார்த்தார். அவர் நாடி பிடித்துப் பார்த்தார். நாடியில் ஒரு கோளாறும் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கும். "கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும்" என்றார்.

தலைவர் நின்றார், நாற்காலி கேட்டார், உட்கார்ந்தார், மறுபடி நின்றார். மைக்கு கண்ணை மூடி முனகிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் தெற்கு வாசல் வழியாக நாங்கள் உள்ளே வந்தோம். சந்தைப் பெண்கள் அத்தனை பேரும், கையில் துடைப்பம், வாளி. முன்னால் மருமகள். மைக்கு போர்வையை உதறி எழுந்து உட்கார்ந்தாள்.

"இப்ப சுத்தல் நின்னுருச்சு" என்றாள்.

பூங்கொத்தை வாங்கி, பூட்டு வைத்திருந்தவரின் கையிலேயே திணித்தாள். "பிடிங்க தம்பி. கடைசி நோயாளி எந்திரிச்சாச்சு. எல்லாரும் கண்ணால பார்த்துட்டீங்க. அடுத்து என்ன? கழுவணும். கழுவுறோம்."

"இது நகராட்சிச் சொத்து!" என்று கத்தினார் தலைவர். "புது ஒப்பந்தம் இருக்கு. போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவங்களுக்கும் ஒரு துடைப்பம் இருக்கு."

தலைவர் சுகாதார அதிகாரி அம்மா பக்கம் திரும்பினார். அவர் வழக்கம்போல மெதுவாகத்தான் பேசினார். "புதுத் தாள்ல என் கையெழுத்து இல்லைங்க. பழசுல இருக்கு. கழுவினதும் ஒப்படைக்கணும்." பிறகு எங்களிடம் திரும்பி, கையுறை இல்லாமல் யாரும் தரையைத் தொடக்கூடாது என்று மட்டும் அதட்டினார். பிளீச்சிங் பவுடரை அவரே அளந்து கரைத்தார். சுவர், கொக்கி, வாய்க்கால் எல்லாம் கழுவினோம். எழுந்து நிற்கத் தெம்பில்லாத மைக்கு நாற்காலியில் உட்கார்ந்து, எங்களை ஏவியே எங்கள் உயிரை வாங்கினாள். தரை காய்ந்து, தண்ணீர்ப் பரிசோதனையும் முடிந்து, அந்த அம்மா சாவியை எங்கள் கையில் கொடுத்தார்.

கடை போட்டோம். ஆனால் வாங்க ஆள் வரவில்லை. காலரா படுத்த இடத்தில் விற்கும் காய்கறியை மக்கள் வாங்க வேண்டாம் என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகப் போனது. யார் அனுப்பியது என்று கேட்கவே வேண்டாம். வாசல் வரை வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். எனக்கே அந்த இடத்தில் கால் கூசியது. தச்சர் மனைவி படுத்திருந்த இடத்தில் எப்படிச் சாக்கை விரிப்பேன்? ஓரமாக, பாதி வழியில், வெங்காயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏன்டி நடைபாதையில உட்கார்ந்திருக்க? உன் இடத்துல உட்காரு" என்றாள் மைக்கு.

"முடியலைக்கா."

"நான் படுத்த இடத்துல நான் உட்காரலையா? நீயே பயந்தா ஊரு பயப்படாம என்ன செய்யும்?"

அவள் சொன்னதற்காக என் இடத்துக்கே நகர்ந்து உட்கார்ந்தேன். இரண்டாவது நாளும் அப்படியே போனது. தக்காளி கனிந்து தோல் வெடித்தது. வீட்டுக்குப் போகலாம் என்று மருமகள்கூட வாய் திறந்துவிட்டாள். மைக்கு மட்டும் அசையவில்லை.

அப்போது வடக்கு வாசலில் தச்சர் வந்து நின்றார். சவரம் செய்யாத முகம், கையில் துணிப்பை. நேராக என் முன்னால் வந்தார். எழுந்து நின்றேன். திட்ட வந்திருக்கிறார், திட்டட்டும், கேட்டுக்கொள்வோம் என்று இருந்தேன்.

"இங்கதானேம்மா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமாண்ணே."

பிறகு பையை நீட்டினார். "ரெண்டு கிலோ போடு. பார்த்து நிறு. அவ இல்லைன்னு ஏமாத்தாதே."

தராசு முள் நேராக நிற்கும்வரை வெங்காயத்தைப் போட்டேன். அவர் குனிந்து அதையே பார்த்தார். பிறகு மைக்குவிடம் போய்த் தக்காளியும் வாங்கிக்கொண்டார். அவர் வாசலை அடையவும் அந்த ஆட்டோ வந்து நிற்கவும் சரியாக இருந்தது. காலரா படுத்த இடம், வாங்காதீர்கள் என்று அது சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு ஓட்டுநர் முகத்துக்கு நேரே பையை உயர்த்திக் காட்டினார்.

"என் பொண்டாட்டி செத்த இடம்யா அது. நானே வாங்கித் திங்கப்போறேன். உங்களுக்கு என்ன வலிக்குது?"

ஆட்டோ போய்விட்டது. வாசலில் தயங்கி நின்றிருந்த பெண்களில் ஒருத்தி உள்ளே வந்து, வெங்காயம் என்ன விலை என்று என்னிடம் கேட்டாள். விலையைச் சொன்னேன், நல்ல சத்தமாகவே.